பின்பக்கத்துக் கோணம்

இப்படி வந்து உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுகிறது. மெதுவாகப் பேச வேண்டியதில்லை, இவன் எழுந்திருக்க மாட்டான். தூங்க வைக்கிற சிரப் கொடுத்ததால் என்று நினைக்காதீர்கள். சிரப் இல்லாமலேயே இவன் அப்படித்தான். தங்கமான பிள்ளை. பிறந்ததிலிருந்து சத்தத்துக்கு விழித்து ஒரு நாள் அழுதது கிடையாது.

இமானுவேல். வீட்டில் மனு. பதினைந்து மாதம் ஆகிறது. டெஸ்ட் முடிந்துவிட்டது. நெற்றியைப் பாருங்கள், ஒயர் ஒட்டிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது. ரிப்போர்ட்டும் கையில் வந்துவிட்டது, இதோ இந்த உறைக்குள். டாக்டர் வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். இல்லை, நான் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ஒன்று. எங்களுக்கு இது சும்மா ஒரு சம்பிரதாயம். பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, கேட்கிறது என்று ஒரு காகிதம் வாங்கிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய்விடுவோம். என் வீட்டுக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. செல்வின். துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸில் இருக்கிறார். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே போனார், போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. மதுரையில் டீக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ன?

உங்கள் பாப்பாவுக்கு எத்தனை வயது? நாலரையா. காதுக்குப் பின்னால் அந்த மெஷின், அதில் பூ ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறாள், சமத்து. எப்போது கண்டுபிடித்தீர்கள்? இரண்டரை வயதிலா? ஐயோ. அதுவரைக்கும் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் உங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்காது. அது உங்கள் தப்பில்லை.

கோடா? ஆமாம், இந்த ரிப்போர்ட்டில் கோடுதான் வரும் என்றார்கள். மேடும் பள்ளமுமாக வந்தால் கேட்கிறது, உங்கள் பாப்பாவுக்கு நேராகப் படுத்துக் கிடந்தது என்கிறீர்கள். சரி. கோட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம் அம்மா. என் பிழைப்பே கோடு போடுவதுதான்.

எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்? உங்கள் ஊர்க் கோயிலில் சிதறுகாய் உடைப்பார்கள் அல்லவா? நாங்கள் வேதக்காரர்கள், ஆனால் எங்கள் தெருமுனையில் பிள்ளையார் கோயில். சின்ன வயதில் சில் பொறுக்கப் போய் அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். காய் உடைவதை நீங்கள் பார்க்கவில்லை, சில் கிடக்கிற இடத்தை மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு காயை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆயிரம் காய் உடைந்த பிறகு எந்தப் பக்கம் எத்தனை சில் என்று எண்ணினால், எறிந்த கை எப்படிப்பட்டது, நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் எதுவும் தட்டிவிடுகிறதா என்று சொல்லிவிடலாம்.

என் வேலை அதுதான். ஐரோப்பாவில் ஒரு ஊர், பூமிக்கு அடியில் வளையமாக ஒரு சுரங்கம். அணுவை விடச் சிறிய துகள்களை இரண்டு பக்கமிருந்தும் விரட்டி மோத விடுவார்கள். மோதலில் புதுத் துகள்கள் பிறக்கும், பிறந்த வேகத்தில் உடையும். பத்து லட்சத்தில் ஒன்று ஒரு அபூர்வமான விதத்தில் உடையும். அந்த ஒன்று உடையும்போது துண்டுகள் எந்தெந்தக் கோணத்தில் பறக்கின்றன என்று அளக்க வேண்டும். இதற்கென்று ஒரு வளைவு புத்தகத்தில் இருக்கிறது. நம் எண்ணிக்கை அந்த வளைவில் போய் உட்கார்ந்தால் உலகம் பழையபடி. ஒரு பக்கம் சரிந்தால், இதுவரை எவரும் பார்க்காத ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தச் சரிவுக்காக ஆயிரம் பேர் தவம் கிடக்கிறோம். நான் ஒன்பது வருஷம் கிடந்தேன். இரண்டு வருஷம் அந்த ஊரிலேயே, மிச்சம் சென்னையில், பிரசவத்துக்குப் பிறகு தூத்துக்குடி வீட்டில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு.

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. அபூர்வமான அந்த நிகழ்வுகளை மூடி வைத்துவிடுவோம். எப்படி அளக்கப் போகிறோம், எதைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே முடிவு செய்து, நாலு பேர் சரிபார்த்த பிறகுதான் திறப்போம். விடையைப் பார்த்துவிட்டால் மனசு வழியை அதற்கேற்றபடி வளைத்துவிடும். எனக்கு இது புதிது இல்லை. நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் கிறிஸ்டினா, கணக்குப் புத்தகம் கொடுக்கும்போதே கடைசியில் இருக்கிற விடைப் பக்கங்களை ஊசிநூலால் தைத்துத்தான் கொடுப்பார். வருஷக் கடைசியில் தையலைப் பார்ப்பார். ஒரு ஓட்டை கூடுதலாக இருந்தால் முட்டிக்கால் போட வேண்டும். என் புத்தகத்தில் ஒரு ஓட்டை கூடினது கிடையாது. உறையை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டீர்களே, இதுதான்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேனா? ஏ.சி.தான். இங்கே ரொம்ப வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். பெரிய படிப்பு படித்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தெரியும். என் கைடு, அனந்தசயனம் சார். எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். மே மாதம், மூடி வைத்திருந்ததைத் திறந்தோம். வளைவு சரிந்திருந்தது. ஒரு ஓரத்தில் எண்ணிக்கை குறைவு, பார்த்தாலே தெரிகிற குறைவு. சாருக்குக் குரலே மாறிவிட்டது. "எமல்டா, நம்ம வாழ்நாள்ல இது ஒரு தடவைதான் வரும்" என்றார். எமல்டா என் பெயர்.

எனக்கு உறுத்தியது. சிதறுகாய் உடைக்கிற இடத்துக்கு ஒரு பக்கம் சாக்கடை இருந்தால் என்ன ஆகும்? அந்தப் பக்கம் பறந்த சில் சாக்கடைக்குள் போய்விடும். நீங்கள் எண்ணும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அதனால் அந்தப் பக்கம் சில் பறக்கவே இல்லை என்று சொல்வீர்களா? துண்டுகளைப் பிடிக்கிற எங்கள் கருவிக்கும் அப்படி ஒரு சாக்கடை உண்டு. மெல்லிய துண்டு ஒன்று, வேகம் குறைந்தது, அந்தக் கோணத்தில் கிளம்பினால் கருவிக்குள் இருக்கிற காந்தம் அதை வளைத்து வெளியே தள்ளிவிடும். அதற்கு ஒரு திருத்தம் போட்டிருந்தார்கள், அது போதவில்லை என்று எனக்குப் பட்டது.

பட்டது என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நிரூபித்தேன். எப்படி என்றால், தெரிந்த காயை உடைத்துப் பார்ப்பது. அதே துண்டுகளாகவே உடைகிற இன்னொரு துகள் இருக்கிறது, அது அபூர்வம் இல்லை, ஏராளமாகக் கிடைக்கும், அதன் வளைவு உலகத்துக்கே தெரியும். அதை எடுத்து அதே வழியில் அளந்தேன். அதிலும் அதே ஓரத்தில் அதே குறைவு. அப்புறம் என்ன? குறைவு காயில் இல்லை, சாக்கடையில்.

ஜூலையில் கூட்டம். எல்லாரும் ஸ்கிரீனில். நான் பேச ஆரம்பித்து மூன்றாவது படம்கூடப் போடவில்லை. சார் சொல்கிறார், "எமல்டா, நீ கைப்பிள்ளைக்காரி, தூக்கமில்லாம இருக்க. அப்புறமா பேசுவோம்." சொல்லிவிட்டு என் மைக்கை அணைத்துவிட்டார். நான் வாயை ஆட்டிக்கொண்டிருக்கிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அவர்கள் பேசுவது கேட்கிறது, அவர்களுக்கு நான் ஒரு ஊமைப் படம். அடுத்த வாரம் மாநாட்டில் பேசுகிறவர் பட்டியலில் என் பெயர் இல்லை. செப்டம்பரில் அவர் போய்ப் பேசினார். கைதட்டினார்கள். நவம்பரில் வேறொரு நாட்டுக்காரன் அதே சாக்கடையைக் கண்டுபிடித்தான். எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவனுக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் வந்தது. எனக்கு ஒரு வரி இல்லை.

காது கொடுத்துக் கேட்டிருந்தால் நாலு மாதம் மிச்சம். அவ்வளவுதான். சொல்கிறவள் யார் என்று பார்த்தாரே தவிர, சொன்னது என்ன என்று பார்த்தாரா? தனக்கு வேண்டியதைக் கண் பார்த்துவிட்டால் அப்புறம் மனுஷனுக்கு எதைக் காட்டினாலும் ஏறாது. அதைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லிவிட்டேன், ஃபாதர், இதை மட்டும் என்னால் முடியாது என்று.

இவனா? இவன்தான் எனக்கு அந்த மாதங்களில் துணை. மேஜைக்குப் பக்கத்தில் தொட்டிலில் கிடப்பான். குக்கர் விசில் போடும், அசைய மாட்டான். ஜூலைக் கடைசியில் மாதா கோயில் கொடியேற்றம், துறைமுகத்தில் கப்பல்களெல்லாம் சங்கு ஊதும், வாசலில் வேட்டு வெடிக்கும், ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வீரிட்டு அழும். இவன் தூங்குவான். பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன், "எங்க மனு விஞ்ஞானி பிள்ளை, அம்மாவைத் தொந்தரவு பண்ண மாட்டான்" என்று.

அதில்தான் ஜெபமணி வந்து மண்ணைப் போட்டாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த அக்கா. எட்டாவது வரை படித்தவள். ஆகஸ்டில் ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே சொல்கிறாள், "யம்மா, பிள்ளைக்குக் காது கேக்கலையோன்னு இருக்கும்மா. முதுகுக்குப் பின்னாடி நின்னு கூப்புட்டா திரும்ப மாட்டேங்கான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? சாரிடம் பட்ட அவமானத்துக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் நான் அவளைத் திட்டவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. சரி, அளந்து பார்ப்போம் என்றேன்.

அளந்தேன். மனுவைப் பாயில் நடுவில் உட்கார வைத்து, சுற்றிப் பன்னிரண்டு கோணம் சாக்பீஸால் குறித்தேன், கடிகாரம் மாதிரி. ஒவ்வொரு கோணத்திலிருந்தும் பன்னிரண்டு தடவை கிலுகிலுப்பையை ஆட்டினேன். மொத்தம் நூற்று நாற்பத்து நாலு. ஒரு நாளில் இல்லை, பத்து நாள். நோட்டில் எழுதியிருக்கிறேன், காட்டட்டுமா? நேர் முன்னால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, டக்கென்று பார்ப்பான், சிரிப்பான். கொஞ்சம் விலகினால் பத்து. பக்கவாட்டில் நாலு. பின்பக்கத்தில் சைபர். பின்பக்கத்தில் ஐந்து கோணத்திலும் சைபர்தான்.

பயந்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் யோசித்தேன். எட்டு மாதப் பிள்ளை, கழுத்து முழுக்கப் பின்னால் திரும்பாது. அவன் கேட்டிருப்பான், திரும்ப முடிந்திருக்காது. திரும்பினால்தானே நான் எண்ணுகிறேன்? அப்படியானால் அது சாக்கடை. பின்பக்கத்துக் கோணங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கவாட்டுக்குத் திருத்தம் போட்டேன், எவ்வளவு கழுத்துத் திரும்பும் என்று பார்த்து. போட்டதும் கோடு நேராக வந்துவிட்டது. அப்படியே மேஜையில் ஸ்கேல் வைத்த மாதிரி. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கிறான் என்று அர்த்தம். செல்வினிடம் காட்டினேன். "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஜெபமணி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "நீங்க ஆட்டுறதப் பாக்கான்மா. கேக்கல" என்றாள். ஒன்பது வருஷம் கோணம் அளந்தவளிடம் சொல்கிறாள்.

இருங்கள், இவன் எழுந்துவிட்டான். நான் காலை மாற்றினேன், அதுதான். என்னடா ராஜா. இப்படித்தான், கண்ணைத் திறந்ததும் என் முகத்தைத் தேடுவான். பேசினால் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். எவ்வளவு கவனம் பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஜெபமணி. அவள் அத்தோடு விட்டாளா? நாலு நாள் கழித்து நான் ஒரு கூட்டத்தில் இருக்கிறேன், ஹாலில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் தெருவில் யாரோ வீட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து மனுவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள். அதுவும் எட்டு மாதப் பிள்ளையாம். இரண்டு பேருக்கும் பின்னால் நின்று சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் அடிக்கிறாள். "பாருங்கம்மா, நீங்களே பாருங்க. இதுவும் அதே வயசுப் பிள்ளதான்" என்று மறுபடியும் அடித்தாள்.

யாரைக் கேட்டு அந்தப் பிள்ளையை உள்ளே கொண்டுவந்தாள்? மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மனுவின் பாயில், மனுவின் துண்டில். ஏதாவது தொற்றினால் யார் பொறுப்பு? அன்றைக்கே சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாசலில் நின்று, "மதுரைக்குக் கொண்டு போங்கம்மா, நாள் கடத்தாதீங்க" என்றாள். கதவைச் சாத்தினேன். போனிலிருந்து நம்பரையும் அழித்துவிட்டேன். இந்த மாதிரி ஆட்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பிள்ளையா?

திரும்பியது. ஆமாம், திரும்பியது. கழுத்து மட்டும் இல்லை, இடுப்போடு சுற்றி, கீழே விழப்போனது. இரண்டு தடவையும்.

அது வேறு பிள்ளை. ஒவ்வொரு பிள்ளை ஒரு மாதிரி.

நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரிகிறது. தெரிந்த காயை உடைத்துப் பார்ப்பது என்று நான் சொன்னது இதுதானே என்கிறீர்கள். இல்லை. அது வேறு, இது வேறு. அதில் லட்சக்கணக்கில் நிகழ்வுகள் எடுத்துப் பார்த்தேன். இதில் ஒரு தட்டு, ஒரு கரண்டி. அவளுக்கு என்ன தெரியும்? அவள் யார்? அவள்...

அப்படிப் பார்க்காதீர்கள்.

செல்வின் வந்தாரா என்று எட்டிப் பாருங்களேன். வரவில்லையா? அவர் டிசம்பரிலிருந்தே இப்படித்தான். மனு பிறந்த நாளுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டிருந்தோம். மனு தலைக்குப் பின்னால் ஒரு பலூன் வெடித்தது. எல்லாப் பிள்ளையும் அலறியது. மனு கேக் கிரீமை நக்கிக்கொண்டிருந்தான். செல்வின் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் இங்கே நாள் குறித்தார். ஒரே ஒரு பலூன். ஒரு நிகழ்வை வைத்து யாராவது முடிவுக்கு வருவார்களா? நான்தான் இரண்டு தடவை தேதியை மாற்றினேன். ஒரு தடவை அவனுக்குச் சளி. ஒரு தடவை எனக்கு ரிப்போர்ட் எழுத வேண்டியிருந்தது. இப்போது மார்ச்.

ஆகஸ்டிலிருந்து எண்ணுகிறீர்களா? விரலை மடக்குவது தெரிகிறது. எண்ண வேண்டாம். ஏழு. நான் எண்ணிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதே எண்ணிவிட்டேன். உங்களிடம் அதுவரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேனே. உங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு...

உறை நனைந்துவிட்டது. வியர்வை. ஏ.சி. போதவில்லை இங்கே. பிரிக்கட்டுமா? வேண்டாம். டாக்டர் வரட்டும்.

யாரோ கூப்பிட்டார்களா?

இமானுவேல் என்றுதானே கூப்பிட்டார்கள்? கதவு எனக்கு நேர் எதிரே. இவன் என் மடியில் என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான், கதவு இவனுக்கு முதுகுப் பக்கம். மறுபடியும் கூப்பிடுகிறார்கள், பலமாக. அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் திரும்பினீர்கள். தரையில் விளையாடிக்கொண்டிருந்த உங்கள் பாப்பா, அவளும் மெஷினோடு திரும்பிவிட்டாள். அவள் பெயர்கூட இல்லை அது.

பெயருக்குச் சொந்தக்காரன் என் வாயைப் பார்க்கிறான். சிரிக்கிறான். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறான்.

இந்த உறை இனிமேல் எதற்கு? எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும், கேட்பார்கள். வருகிறேன் என்று சொல்லுங்கள் அவர்களிடம். கால் மரத்துவிட்டது, ஒரு நிமிஷம். அதற்குள் ஒன்று சொல்லுங்கள், மெஷின் வைப்பதற்கு முன்னால், அந்த இரண்டரை வருஷமும், உங்கள் பாப்பாவை எப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்? தோளைத் தொட்டா? தரையைத் தட்டியா? காட்டுங்கள்.